கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கேன்

டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நோயாளியாகத் தெரிய வேண்டும் என்கிற விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரைப் பார்க்கப் போனாலும் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி, முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். சித்தூரில் எங்களுடையது பழைய மிஷன் சபை. துரைசானிகள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன சுத்தம், அவர்கள் கப்பலேறி எத்தனையோ காலமாகியும் எங்களை விடவில்லை. சாவு வீட்டுக்குக்கூட இஸ்திரி போட்டுத்தான் போவோம். ஆகவே எனக்கு மனநோய் என்று அரசாங்கத்திடம் நிரூபிக்கப் போன அன்று, நான் ஈஸ்டர் ஆராதனைக்குக் கிளம்பியவளைப் போலிருந்தேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. நோய்க்குப் பதினான்கு. அதற்கு முன்பு பங்காருபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, இடது காதுக்குப் பின்னால் ஒருவன் எண்ண ஆரம்பித்தான். தெலுங்கில் எண்ணினான், அதுவும் தப்பாக. பதினேழுக்குப் பிறகு இருபத்தொன்று, இருபத்தொன்றுக்குப் பிறகு பத்தொன்பது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது என்று பிற்பாடு நானே சிரித்திருக்கிறேன். ஆனால் அவன் எண்ணும்போது சிரிப்பு வராது. எதையோ நோக்கி எண்ணுகிறான், எண்ணி முடித்ததும் அது நடந்துவிடும் என்று தோன்றும். வேலூரில் வைத்தியம் பார்த்தார்கள், நோய்க்குப் பெயர் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அவனைப் பக்கத்து அறைக்குத் தள்ளியது. வீட்டைவிட்டு அனுப்பவில்லை.

வீட்டில் நானும் நைனாவும், அதாவது அப்பாவும், மட்டும்தான். அம்மா மூன்று வருடத்துக்கு முன்பு சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். உடன்பிறந்தவர்கள் இல்லை. நைனா மிஷன் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய பென்ஷனில்தான் எங்கள் சாப்பாடு, வாடகை, என் மாத்திரை எல்லாம். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவருடைய பழைய சக வாத்தியார் ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ போனப்புறம் உன் பென்ஷன் பொண்ணுக்கு வரணும்னா, அவளால சம்பாதிக்க முடியாதுன்னு சதரம் சர்டிபிகேட் இருக்கணும். நீ உசுரோட இருக்கசொல்லவே வாங்கி வெச்சிடு."

சதரம் என்பது ஊனச் சான்றிதழுக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற பெயர். நாற்பது சதவீதத்துக்கு மேல் போட்டால்தான் அது எதற்கும் உதவும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நைனா இருமினால் பயம். நைனா இருமாமல் ரொம்ப நேரம் படுத்திருந்தால் அதைவிடப் பயம். கதவருகே போய் நின்று அவருடைய பனியன் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் பகுதி அரசு அலுவலகமான வார்டு சச்சிவாலயத்தில் பெயர் பதிந்து, டாக்டர்கள் பார்க்கும் கேம்புக்குத் தேதி கிடைத்தது. கேம்ப் அன்று காலை வழக்கம்போலவே நடந்தது. எங்கள் குளியலறை கொல்லையில் இருக்கிறது. நான் உள்ளே குளிப்பேன், நைனா வெளியே கிணற்றங்கரையில் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து காலைக் கீர்த்தனை பாடுவார். நான் உள்ளேயிருந்து ஆல்டோ பாடுவேன், முதல் குரலோடு சேர்ந்து வரும் தாழ்ந்த குரல். சபைப் பாடகர் குழுவில் பத்து வயதிலிருந்து எனக்கு ஆல்டோதான். அந்தக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. துருப்பிடித்து விழுந்துவிட்டது, ஸ்க்ரூ வாங்கிவருகிறேன் என்று நைனா ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு மேலே ஒரு இரும்பு வலை, அதற்கு ஒரு பூட்டு. பூனை விழுந்ததிலிருந்து அப்படி.

கேம்பில் கூட்டம் தாங்கவில்லை. டோக்கன் வாங்கி மரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் நகரியிலிருந்து ஒரு அம்மாள், பவர்லூம் ஓட்டுகிற குடும்பமாம், இருபது வயது மகனோடு வந்திருந்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் மாறிப்போயிருந்தது. அந்த அம்மாள் என் புடவையைப் பார்த்தார், நைனாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"யாருக்குங்க பாக்கணும்?"

"இவளுக்குத்தான்" என்றார் நைனா.

"இன்னாங்க இது, கண்ணாலத்துக்கு வந்தாமாரி இட்டுக்கினு வந்துகிறீங்க? எம்புள்ள சட்டைய அவனேதான் மாட்டிக்கினான். நான் சரி பண்ணல. சரி பண்ணி இட்டுக்கினு வந்தா டாக்டருக்கு இன்னா தெரியும்?"

நைனா மரியாதையாகச் சிரித்தார். ஆனால் கர்சீப்பை எடுத்து என் நெற்றியிலிருந்த வியர்வையைத் துடைத்து, பவுடர் திட்டாக இல்லாமல் சரிசெய்துவிட்டார். பழக்கம்.

உள்ளே இளவயது டாக்டர். முகத்தில் களைப்பு இருந்தாலும் எங்களை உட்காரச் சொன்னார். என் வேலூர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே தெலுங்கில், "எலா உன்னாவம்மா?" என்று கேட்டார். எப்படி இருக்கிறாய் என்று.

எங்கள் சபையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். காய்ச்சலில் படுத்திருந்தாலும், கால் உடைந்திருந்தாலும், புருஷன் ஓடிப்போயிருந்தாலும் அதே பதில். நானும் நைனாவும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், பாடகர் குழு மாதிரி சொன்னோம்: "தேவுனி கிருபவல்ல பாகுன்னானு சார்." கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கேன் சார்.

டாக்டர் தலையாட்டினார். எழுதினார். தானே குளிப்பாயா? குளிப்பேன். சமைப்பாயா? சாம்பார், ரசம். வெளியாட்களோடு பேசுவாயா? இதற்கு நைனா முந்திக்கொண்டார். "கொயர்ல ஆல்டோ பாடறா சார். எம்.எஸ்ஸி. மேத்ஸ்." அந்தப் பெருமையைக் கேட்டு எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. கடைசியாக, இப்போதும் காதில் குரல் கேட்கிறதா என்றார். அந்த நேரத்தில் அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. கேட்கிறது என்று சொன்னால் என்னை இங்கேயே வைத்துக்கொள்வார்கள், நைனா தனியாக பஸ் ஏறிப் போவார், வழியில் நெஞ்சுவலி வரும் என்று வரிசையாக ஓடியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. "லேது சார்" என்றேன். இல்லை சார்.

வெளியே வந்ததும் நைனா என் தோளைத் தட்டினார். நல்லா பதில் சொன்னேனாம். இன்டர்வியூவில் பாஸான பெண்ணைத் தட்டுவது போல.

முப்பது சதவீதம் என்று போனுக்குச் செய்தி வந்தது. தகுதி இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஃபெயில், அதுவும் பைத்தியத்தில். டாக்டர் மேல் தப்பில்லை. நாங்கள் சொன்னதைத்தானே அவர் எழுத முடியும்? நைனா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் தட்டை முன்னால் வைத்து, "துன்னு நைனா" என்று இரண்டுமுறை சொன்னேன். பருக்கையைக் கிளறிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

அப்பீல் போட்டால் திருப்பதியில் இன்னொரு தபா பார்ப்பார்கள் என்று சச்சிவாலயத்தில் சொன்னார்கள். போட்டோம். தேதி வரும்வரை இருந்த நாட்கள்தான் மோசம். நைனா போன பிறகு நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று கற்பனை செய்துபார்ப்பேன். வீட்டுச் சொந்தக்காரர் எத்தனை மாதம் பொறுப்பார்? மாத்திரை தீர்ந்தால்? பக்கத்து அறையிலிருந்து அவன் எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வான். இதைச் சபையில் யாரிடமாவது சொல்லலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை நான் சுகமானவள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, அறுப்பின் பண்டிகை அன்று, பலிபீடத்துக்கு முன்னால் பூசணிக்காயும் கரும்பும் குவித்திருக்க, மைக்கைப் பிடித்து நான் சாட்சி சொன்னேன். கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார் என்றேன். அம்மா முதல் பெஞ்சில் அழுதாள். நான் பொய் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவன் குரல் அப்படி அடங்கியிருந்தது. அதன் பிறகு நடந்ததில் எனக்குப் பதினோரு நாள் ஞாபகமில்லை. ஒரு பச்சைத் திரைச்சீலை, வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பி, அவ்வளவுதான். என்ன ஆச்சு என்று எப்போது கேட்டாலும், "கொஞ்சம் சோர்ந்துபூட்டே" என்பார்கள் இருவரும். நானும் விட்டுவிட்டேன். கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

திருப்பதிக்குப் போகும் காலையிலும் குளித்துப் பாடி முடித்தேன். நைனா மட்டும் வித்தியாசமாக இருந்தார். இஸ்திரி போட்ட புடவையை நான் எடுத்ததும், "அது வாணா. வூட்ல கட்டறத கட்டிக்க" என்றார். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

பஸ்ஸில் மலைக்குப் போகிறவர்கள் கூட்டம். குழந்தைகள் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். நைனா என் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரைத் தாண்டியதும் சொன்னார்.

"இந்த தபா நான் பேசறேன்."

"சரி நைனா."

"இன்னா சொன்னாலும் என்மேல கோச்சிக்காதே."

சந்திரகிரி வரும்வரை இருக்கையின் கிழிந்த ரெக்சினைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. எனக்கு ஞாபகமில்லாத அந்தப் பதினோரு நாளையும் அவர் மடியில் கட்டிவைத்திருப்பது போலவும், அங்கே போய் அவிழ்க்கப்போவது போலவும் தோன்றியது.

திருப்பதியில் எங்களைப் பார்த்தவர் ரிட்டயர் ஆகும் வயதிலிருந்த லேடி டாக்டர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நைனாவிடம் கேட்டார், "எலா உந்தி மீ அம்மாயி?" உங்கள் பெண் எப்படி இருக்கிறாள்?

"தேவுனி கிருப..." என்று ஆரம்பித்துவிட்டார் நைனா. எழுபத்துநான்கு வருடப் பழக்கம் லேசில் போகுமா? அதோடு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாகாலேது மேடம்" என்றார். நன்றாக இல்லை. என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பிறகு தெலுங்கு அவரைக் கைவிட்டது. டாக்டர், "தமிழ்லயே சொல்லுங்க, எனக்கு வரும்" என்றார். அதே கேள்விகள். அதே முதல் கேள்வி. தானே குளிப்பாளா?

"குளிப்பா மேடம். ஆனா நான் வெளிய உக்காந்துக்கினு பாடுவேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "பாடுவீங்களா?"

"கீர்த்தன பாடுவேன். இவ உள்ளேருந்து ஆல்டோ பாடுவா. குரல் கேட்டுக்கினு இருந்தா உசுரோட கீறான்னு அர்த்தம். ரெண்டு வரி கேக்கலேன்னா கதவத் தள்ளிக்கினு உள்ள போயிடுவேன். அதுக்குத்தான் தாழ்ப்பாள நானே கழட்டிட்டேன். இவளாண்ட துரு புடிச்சிச்சின்னு சொல்லிக்கினு கீறேன்."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடக் காலைகள். குடும்ப ஜெபம் என்று நினைத்திருந்தேன். சில நாள் அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும்போது, "இன்னைக்கு விட்டுடு நைனா" என்று உள்ளேயிருந்து கத்தியிருக்கிறேன். விட்டதே இல்லை.

"ஏன் அப்படிப் பயப்படறீங்க?" என்று கேட்டார் டாக்டர். நைனா என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளாதே என்பது போல. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாத்திரைய நாங்கதான் நிறுத்தினோம் மேடம், நானும் இவ அம்மாவும். சபையில சாட்சி சொல்லிட்டா. அப்புறமும் மாத்திரை குடுத்தா கர்த்தர நம்பலேன்னு ஆயிடுமேன்னு நெனச்சோம். ஒருநாள் மத்தியானம் நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா இவ கிணத்துச் சொவரு மேல உக்காந்துக்கினு, கால உள்ள தொங்கவுட்டுக்கினு கீறா. இவ அம்மா பின்னாலேருந்து பொடவைய ரெண்டு கையால புடிச்சிக்கினு நிக்கறா. கத்தினா குதிச்சிடுவாளோன்னு யாரையும் கூப்பிடல. மெதுவா கீர்த்தன பாடிக்கினு இருந்தா. இவளும் கூடவே ஆல்டோ பாடினா. பாடற வரைக்கும் எண்ணல. நிறுத்தினா எண்ணுவா. நான் வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் பாடிக்கினே நின்னுக்கினு இருந்தாளாம், மேடம். அந்தக் கை அவளுக்கு அப்புறம் சரியா மடங்கவே இல்ல."

அம்மாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது. கடைசிவரை வலது கையால் தலை பின்னிவிட முடியாது. வாதம் என்பாள். கிணற்றில் விழுந்த பூனையும் ஞாபகம் வந்தது. நாங்கள் பூனை வளர்த்ததில்லை. அக்கம்பக்கத்திலும் யாரும் வளர்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதுவரை அது தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குக் கீழே பயம். இத்தனை நாள் என்னை நினைத்து நான் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை, அவர்கள் பயந்ததில் கால்பங்கு கூட இல்லை என்று தெரிந்துபோன பயம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்தக் குரல் இப்பவும் இருக்கா?"

இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. நைனா அத்தனையும் கொட்டிவிட்ட பிறகு நான் மட்டும் எதை மூடிவைப்பது? "இருக்கு மேடம். இப்பவும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கான்" என்றேன்.

நைனா நாற்காலியில் திரும்பினார். "இன்னும் கீறானா அவன்?" என்றார். அவருக்குத் தெரியாது. பாடுவதால் அவன் போய்விட்டான் என்று அவர் நம்பியிருந்தார். அவரிடமிருந்து நான் மறைத்தது அது ஒன்றுதான். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். நைனா பேசி முடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார். ரொம்பச் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"பென்ஷன் வந்துடும், சரி. நான் போயிட்டா யாரு மேடம் வெளிய உக்காந்துக்கினு பாடுவாங்க?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். என் மாத்திரைச் சீட்டை வாங்கி, ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி, மாதம் ஒருமுறை இங்கே வந்து காட்டு என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார், நைனாவைப் பார்த்து இல்லை.

சர்டிபிகேட் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன். எழுபது சதவீதம். நைனா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்து, பழக்கத்தில், "ஸ்தோத்திரம்" என்றார். சொன்னபிறகுதான் எதற்கு ஸ்தோத்திரம் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், என்னைப் பார்த்து விழித்தார். "பரவால்ல நைனா, பாஸ்தானே" என்றேன். இருவரும் சிரித்தோம். சர்டிபிகேட் இப்போது பைபிள் வைக்கிற அலமாரியில் இருக்கிறது.

ஆனால் எனக்கு மறக்காதது திருப்பதியிலிருந்து வந்த மறுநாள் காலை. குளிக்கப் போனேன். தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சாத்தினேன். வாளியில் தண்ணீர் பிடித்தேன். வெளியே பாட்டு இல்லை. நைனா கல்லின் மேல் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. அவர் செருமியது கேட்டது. வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டதே, இனி எப்படிப் பாடுவது என்று அவருக்குக் கூச்சம். பாடாமல் எழுந்து போகவும் பயம். கையில் மக்கோடு நின்றேன். பக்கத்து அறையில் அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். பதினாறு, பதினேழு. கதவுக்கு அந்தப் பக்கம் நைனாவின் மூச்சு ஏறி இறங்குவது எனக்குக் கேட்டது. இரண்டு வரி நேரம் ஆகப்போகிறது, கதவைத் தள்ளுவார்.

ஆல்டோ பாடுகிறவர்கள் பாட்டை ஆரம்பிப்பதில்லை. யாராவது முன்னால் எடுத்துக்கொடுத்தால்தான் அதற்கு வழி தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் பாடியும் ஒரு கீர்த்தனையை நானாக எடுத்ததில்லை. அன்று எடுத்தேன். சுருதி ரொம்ப மேலே போய்விட்டது, பாதி வரி கீச்சென்றுதான் வந்தது. முதல் வரி முழுக்க நான் மட்டும். இரண்டாவது வரியில் நைனா சேர்ந்துகொண்டார். அழுகிற குரல். நான் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே, வாயில் சோப்பு போனாலும் விடாமல், அவருக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகக் கடைசிச் சரணம் வரைக்கும் பாடினேன்.